அமிலம் படாத துண்டு

செவ்வாய்க்கிழமை, தஞ்சாவூர்

என் தோழி ஸ்டெல்லாவின் ஆய்வே ஓர் அமிலத்தைப் பற்றியது. சில அணுக்களே தடிமனுள்ள குறைக்கடத்திப் படலத்தை அதில் நனைத்தால், படலத்திலுள்ள குறைகள் அடைபட்டுப் பல மடங்கு ஒளிரும் என்று எழுதியிருக்கிறாள். இன்று எங்கள் ஆய்வகத்தில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, அமிலம் கலக்காத வெறும் கரைப்பானில் அதே படலத்தின் ஒரு துண்டை நனைத்தேன். அதுவும் அதே அளவு ஒளிர்ந்தது.

அடுத்த மாதம் அவள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். தயங்கித் தயங்கித்தான் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அப்ப என் அமிலம் ஒண்ணுமே பண்ணலையாடி?"

"ஒரு துண்டுதானே பாத்திருக்கேன்."

"இன்னும் ரெண்டு போடு. நானும் இருக்கேன்."

இரண்டும் ஒளிர்ந்தன. அவள் ஊரான கும்பகோணத்துக்குக் கடைசி பஸ்ஸும் போய்விட்டதால் என் அறையிலேயே படுத்திருக்கிறாள். அழுவாள் என்று நினைத்தேன். சுவரைப் பார்த்தபடியே, "லைட்ட அணைடி, காலையில தலைப்ப மாத்தணும்" என்கிறாள்.