கவர்னரின் வீங்கிய உதடு

அன்பு மகள் பிரெட்ரிகாவுக்கு, பாலைவனத்துக் குய்செப் ஆற்றங்கரையிலிருந்து உன்னை வளர்த்த பெரியப்பா எழுதுவது. நானும் உன் பெரியம்மாவும் ஆடுகளும் நலம், கடல் பனிமூட்டமும் நலம், தினமும் காலையில் வந்து விசாரித்துவிட்டுப் போகிறது. கேப்டவுனில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். இப்போது எழுதப்போவதை நீ நம்ப மாட்டாய், நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் பிதற்றுகிறவன்கூட நம்ப மாட்டான், நம் மணல்மேட்டின் மேல் ஆணை.

மணலில் முலாம்பழம் மாதிரி காய்த்து நமக்குச் சோறு போட்ட நம் குடும்பத்து நாராப் புதர் இரண்டு வருஷமாகக் காய்க்கவில்லை என்பது உனக்குத் தெரியும். இலை அதற்கு என்றைக்கும் இருந்ததில்லை, எல்லாம் முள்தான், இப்போது அந்த முள்ளும் பச்சை மங்கி, கழுத்துவரை மணல் ஏறிவிட்டது. "இந்த வருஷமும் காய்க்கலன்னா வால்விஸ் பேயில தங்கச்சி வீட்டுக்குப் போயிடலாம் மனுஷா, முள்ளப் பார்த்துக்கிட்டே உக்காந்திருக்க நான் என்ன ஓணானா" என்றாள் உன் பெரியம்மா ஹெஸ்டர். சொன்னதோடு நிற்காமல், நாராப் பழம் காய்ச்சும் பெரிய பானையை முதலில் வண்டியில் ஏற்றிக் கட்டிவிட்டாள். டவுனில் நான் யாரிடம் போய்ப் பொய் சொல்வேன், அங்கே எல்லாருக்கும் வேலை இருக்கிறது.

கிளம்ப வேண்டிய அன்று ஒரு காற்று அடித்தது பார், என் தொப்பி அங்கோலாவுக்குப் போய் விருந்து சாப்பிட்டு, கொஞ்சம் பெருத்துத் திரும்பி வந்தது. வண்டி இழுக்க வேண்டிய நம் கழுதை கவர்னரைக் காணவில்லை. காற்று ஓய்ந்தபின் வந்து நின்றது, உதடு இரண்டும் ரொட்டி மாதிரி உப்பி, எச்சில் ஒழுகி, அந்த வெள்ளம் கடலைத் தொட்டதற்குப் பக்கத்து வீட்டு ஆபேல் சாட்சி. பழுக்காத நாராக் காயைக் கடித்தால்தான் வாய் அப்படி வெந்துபோகும், இங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஆகவே எங்கோ காய் இருக்கிறது. ஓடிப்போய் ஹெஸ்டரிடம் சொன்னேன். "தேள் கொட்டியிருக்கும். காயாம் காய், நீ விடிஞ்சிருக்குன்னு சொன்னாலே நான் வெளிய போய்ப் பார்ப்பேன்" என்று கயிற்றை இன்னும் இறுக்கினாள்.

கவர்னரின் குளம்படியைப் பிடித்துப் போனேன். அது நம் புதருக்கே கூட்டிப்போனது. காற்று மணலை வாரிக்கொண்டு போன பின்பக்கம் புதுமுள் பச்சைப்பசேலென்று, அதற்குள் சர்ச் மணி அளவுக்குக் காய்கள். கவர்னர் பாதி கடித்துவிட்ட காய் ஒன்று தொங்கியது. பழுக்காததைப் பறிப்பது நம் சனத்துக்குப் பாவம், கையில் எடுத்துப்போய்க் காட்டவும் வழியில்லை. குனிந்து, தொங்கியபடியே அந்த மிச்சத்தை நானும் ஒரு கடி கடித்தேன்.

வீட்டுக்கு வந்தபோது உதடு உப்பி, நாக்கு புரளவில்லை. ஹெஸ்டர் என் உதட்டைப் பார்த்தாள், கவர்னரின் உதட்டைப் பார்த்தாள். "வாயத் திறக்காம நிக்கிறியே, அப்போ நெசந்தான்" என்றாள்.

நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி வேலைக்குக் கம்பளி போட்டுக்கொண்டு போ. பழம் காய்ச்சும்போது லீவு போட்டு வந்துவிடு, மறக்காதே. நாரா வேர் மாதிரி நீ போகிற இடமெல்லாம் ஆழத்தில் தண்ணீர் அகப்படட்டும் மகளே. இதில் தொப்பி பொய், வெள்ளம் பொய், சர்ச் மணியும் பொய், காய் உன் முஷ்டி அளவுதான். பானை வண்டியிலிருந்து இறங்கி அடுப்புக் கல்லின்மேல் உட்கார்ந்திருக்கிறது, அது மட்டும் நிஜம்.

இன்னும் கஞ்சி மட்டுமே குடிக்கும்,
உன் பெரியப்பா எப்பிராயீம்