நன்னிலம் பஸ்ஸில் வந்த பாட்டு

நன்னிலம்,
ஆகஸ்ட் 12

அன்பு மகன் லியோவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அப்பாவும் நடமாட்டமாக இருக்கிறோம், நீயும் மருமகள் ஜாய்ஸும் அந்த டப்ளின் குளிரில் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து சுகமாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் முழங்கால் போட்டு ஜெபிக்கிறேன். ஒன்றரை மாதமாக நீ என் போனை எடுப்பதில்லை. அப்பா போனை எடுக்கிறாய், அவர் பேசும்போது பக்கத்தில் நின்று உன் குரலைக் கேட்டுக்கொள்கிறேன், அது உனக்குத் தெரியாது. போன் என்றால் வைத்துவிடுவாய், கடிதத்தை நீ பாதியில் மூடினாலும் மீதி உறைக்குள் இருக்கும் இல்லையா, அதனால்தான் எழுதுகிறேன். இந்த வருஷம் தண்ணீர் கடைமடை வரைக்கும் வந்துவிட்டது, குறுவை நன்றாகப் பச்சை பிடித்திருக்கிறது, அப்பா வரப்பிலேயே குடியிருக்கிறார், சாப்பாட்டுக்கு மட்டும் வீட்டு ஞாபகம் வருகிறது.

அந்தப் பாட்டு எப்படி வந்தது என்று நீ என்னிடம் கேட்கவே இல்லை. ஜூன் மாதம் கும்பகோணத்தில் கண் டாக்டரைப் பார்த்துவிட்டுப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். நடவுக்காக இரண்டு பக்கமும் தண்ணீர் கட்டியிருந்தார்கள், வயல் எங்கே முடிகிறது வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை, கண்ணில் மருந்து விட்டிருந்ததால் எல்லாம் கலங்கலாக வேறு இருந்தது, பஸ் தண்ணீர்மேல் போகிறாற்போல் இருந்தது. தூக்கமா விழிப்பா என்றே சொல்லத் தெரியவில்லை, அதற்குள் ஒரு ராகம் வந்து உட்கார்ந்துகொண்டது, பின்னாலேயே வார்த்தையும் வந்தது. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் வேறு பஸ் பிடித்துத் திரும்பி வந்தேன். அப்பாவிடம் சொன்னால், பஸ்ல தூங்குனா உனக்குப் பாட்டு வருது, எனக்குக் கழுத்துவலிதான் வருது என்கிறார். பல்லவியும் முதல் சரணமும் ஆண்டவருக்கு நன்றி, எல்லோரும் பாடுவதுதான். இரண்டாம் சரணம் மட்டும் உனக்கும் ஜாய்ஸுக்கும் பிறக்காமல் போன பிள்ளைக்காக வந்தது. நான் வரவழைக்கவில்லை லியோ, தானாக வந்தது.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் தப்பு. நம் சபையில் புதுப் பாட்டு யார் பாடினாலும், பாட்டு பிறந்த கதையைச் சாட்சியாகச் சொல்லிவிட்டுத்தான் பாட வேண்டும், உனக்கே தெரியும். பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் நான் எழுந்து நின்றதும் பாட்டு பிறந்த கதையைச் சொல்லுங்கக்கா என்றார்கள், முப்பது பேர் முகத்தைப் பார்த்ததும் மனசு இளகிவிட்டது, ஜனவரியில் ஜாய்ஸுக்கு நான்காம் மாதத்தில் கலைந்துபோனதைச் சொல்லிவிட்டேன். நம் நாலு பேருக்குள் இருந்த சங்கதி. கூட்டத்தில் இருந்த ரிஃப்கா அழுதுகொண்டே வீட்டுக்குப் போனவள் அன்றைக்கே டப்ளினில் ஜாய்ஸோடு வேலை பார்க்கும் தங்கைக்குப் போன் போட்டிருக்கிறாள், மறுநாள் ஜாய்ஸ் டியூட்டிக்குப் போனால் வார்டு முழுக்க வந்து கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். என் புள்ளைய பாட்டாக்கிட்டீங்களாம்மா என்று நீ கேட்டாய். ஜாய்ஸ் மனதுக்குள் மூடி வைத்திருந்ததை நான் சாட்சி என்று பேர் சொல்லித் திறந்துவிட்டேன், என்னை மன்னித்துவிடு. அவளிடமும் கேட்க வேண்டும், எந்த முகத்தோடு கேட்பது என்றுதான் தெரியவில்லை.

அப்பாதான் பாட்டைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று என்னைத் தஞ்சாவூருக்கு இழுத்துக்கொண்டு போனார். ஸ்டூடியோ வைத்திருக்கிற நெடுஞ்செழியன் நல்ல பிள்ளை, மாரியம்மன் பாட்டும் நாகூர் பாட்டும் நம் பாட்டும் ஒரே அறையில்தான் பதிவு செய்கிறார். கதவைச் சாத்தினால் மூச்சு விடுகிற சத்தம்கூட நமக்கே கேட்கிறது, காதில் டொக் டொக் என்று தாளம் வைத்துவிட்டார், முதலில் இரண்டு தடவை தடுமாறினேன். இரண்டாம் சரணம் வந்ததும் என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. உன்னைக் கேட்காமல் அதைப் பாட எனக்கு உரிமை இல்லை. கண்ணை மூடிக்கொண்டு வார்த்தை இல்லாமல் ராகத்தை மட்டும் முனகினேன். அப்போது மறுபடி அந்தப் பஸ்ஸில் இருந்தேன், சுற்றிலும் தண்ணீர், மடியில் ஒரு கனம் தெரிந்தது. சுகாதார நிலையத்தில் முப்பது வருஷம் பிள்ளைகளை எடை போட்டவளுக்கு அது ஒரு பிள்ளையின் கனம் என்று தெரியாதா. வரி மறந்துட்டீங்கம்மா, பேப்பர்ல இருக்கு என்றார் அந்தப் பிள்ளை. மறக்கல தம்பி, வீட்ல கேட்டுட்டுத்தான் பாடணும் என்றேன். கடைசியில் கேமராவை வைத்து, பாட்டு பிறந்த கதையச் சொல்லுங்கம்மா, கதை இல்லாம கிறிஸ்தவப் பாட்டு போட்டா யாரு கேப்பாங்க என்றார். ஒரு கதையும் இல்ல தம்பி, நன்னிலம் பஸ்ல வந்துச்சு என்று சொல்லிவிட்டேன். அப்பா வெளியே வந்ததும் எனக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்தார்.

உறைக்குள் பென் டிரைவ் வைத்திருக்கிறேன். பாட்டை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. அறுப்பின் பண்டிகைக்குப் பாடச் சொல்லி சபைப் போதகர் ஐயர் கேட்கிறார், முனகலோடேயே பாடுவேன், நீ வேண்டாம் என்றால் பாட்டே வேண்டாம். அந்த நாலு வரி இருந்த பேப்பரைக் கிழித்துவிட்டேன், இனி இந்தக் கடிதத்தில் மட்டும்தான் இருக்கிறது:

என் மடிக்கு வராத பிள்ளையை
உம் மடியில் வைத்திருப்பவரே,
நான் எடுத்து வைத்த தாலாட்டை
நீரே பாடித் தூங்க வையும்.

வைத்துக்கொள்வதும் கிழித்துப்போடுவதும் உங்கள் இரண்டு பேர் இஷ்டம், என்ன செய்தீர்கள் என்று நான் கேட்க மாட்டேன். ஜாய்ஸை இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொல், டீ குடித்த கையோடு போடக் கூடாது. உன்னை இதுவரை நடத்தி வந்த கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார், உங்கள் வீட்டில் சமாதானம் தங்கட்டும். ஒன்றே ஒன்று மறக்காதே, அந்தப் பாட்டை ஜாய்ஸ் கேட்க ஆசைப்பட்டால் தனியாகக் கேட்க விடாதே, நீ பக்கத்தில் உட்கார்ந்துகொள். இரண்டாம் சரணம் வரும்போது அவள் கையைப் பிடித்துக்கொள், அங்கே நான் ஒன்றும் சொல்லவில்லை.

என்றும் உனக்காக ஜெபிக்கும் அம்மா,
ஃபிளோரா கிளாட்சன்