ரசீது இல்லாத சான்றிதழ்

சுரபாயா
3 பிப்ரவரி 2003

அன்புள்ள வினார்,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் அப்பாவும் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் எனக்கு உன்மேல் கோபம். பதினான்கு மாதம் ஒரே அறையில் பக்கத்துப் பாயில் படுத்தவள், யூனிஃபார்மை மடித்து அதன்மேல் ராஜினாமாக் கடிதத்தை வைத்துவிட்டு பஸ் ஏறலாமா? என்னிடம் சொன்னால் தடுப்பேன் என்று பயம். தடுத்திருப்பேன்தான்.

வீட்டுக்கார அம்மாவுக்குப் பதில் சொல்லி மாளவில்லை. "எங்கடி உன் ஜோடி? ஓடிப் போயிட்டாளா? ஆள் யாரு, பாக்க நல்லாருப்பானா?" என்று கேட்கிறார். "அவ அப்பாதான் ஆளு, படுத்த படுக்கையா இருக்கார்" என்றேன். முகம் தொங்கிப்போயிற்று, பாவம்.

இங்கே மருத்துவமனைப் பணியாளர் பிரிவில் ரத்னா மேடம் குதிக்கிறார். "மூணு வருஷப் பாண்டுல கையெழுத்துப் போட்டுட்டு பதினாலாவது மாசம் கிளம்பிட்டாளா? கிளம்பட்டும். சான்றிதழ் நம்ம கையில இருக்கு, எங்க போனாலும் திரும்பி இங்கதான் வரணும்." அடுத்த வாரம் உனக்கு வக்கீல் நோட்டீஸ் வரும். பார்த்துப் பதறாதே. டைப் அடித்தது நான்தான், கீழே இடது மூலையில் சின்னதாக 'எ.மூ.' என்று என் பெயரின் முதலெழுத்துகள் இருக்கும். எத்தனை தப்பு என்று எண்ணிச் சிரி.

உன் மருத்துவச்சிச் சான்றிதழ் பத்திரம். இரும்பு பீரோ, மூன்றாவது இழுப்பறை. மழைக்குப் பின்சுவர் கசிகிறது என்று நானே பிளாஸ்டிக் உறை வாங்கிப் போட்டு வைத்திருக்கிறேன். சேர்ந்த அன்று நீ ரசீது கேட்டதும், இங்கே யாருக்கும் ரசீது கிடையாது என்று ரத்னா மேடம் முறைத்ததும், "நான்தான்டி உன் ரசீது" என்று நான் உன் காதில் சொன்னதும் நினைவிருக்கிறதா? அந்த ரசீது ஒழுங்காக வேலை பார்க்கிறது.

அப்பாவுக்கு எப்படி இருக்கிறது? உடனே எழுது.

உன் அக்கா,
மூர்னி


புலே, திரெங்காலெக்
14 பிப்ரவரி 2003

அன்புள்ள மூர்னி அக்கா,

வ அலைக்கும் சலாம். கோபித்துக்கொள்ள உனக்கு உரிமை உண்டு. நோட்டீஸ் வந்தது. நான்கு தப்பு. 'சட்டப்படி'யில் ஒரு எழுத்தைக் காணோம்.

அப்பா மரவள்ளிக் கொல்லையில் விழுந்தவர்தான், வலப்பக்கம் அசையவில்லை. வாயில் மிஞ்சியிருப்பது ஒரே சொல், 'ஆச்சு'. சாப்பிடுகிறீர்களா என்றாலும் ஆச்சு, வலிக்கிறதா என்றாலும் ஆச்சு. அம்மாவால் தனியாக அவரைத் தூக்க முடியாது. நான் முறையாக லீவு கேட்டேன் அக்கா. "ரெண்டு நாள். மூணாம் நாள் வரலேன்னா ஒப்பந்த மீறல்" என்றார் மேடம். அந்த இரண்டு நாளில் என்ன செய்வது? பஸ்ஸிலேயே ஒரு நாள் போய்விடும்.

பாண்டை முறித்தது என் தப்புதான், மறுக்கவில்லை. அதற்கு என்ன ஈடோ தவணையில் கட்டுகிறேன் என்று எழுதியும் போட்டுவிட்டேன். பதில் இல்லை.

இப்போது ஒரு வழி திறந்திருக்கிறது. எங்கள் மலைக்கு மருத்துவச்சி இல்லை. போன மாதம் ஒரு பெண்ணை மூங்கில் தூளியில் கட்டிக் கீழே இறக்குவதற்குள் பாதி வழியிலேயே குழந்தை பிறந்துவிட்டது. மாவட்டச் சுகாதார அலுவலகம் இங்கேயே ஒருத்தியை எடுக்கப்போகிறது. நான் வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கலாம், அப்பாவையும் பார்த்துக்கொள்ளலாம். ஏப்ரல் பத்தாம் தேதி அசல் சான்றிதழை நேரில் காட்ட வேண்டும். நகல் செல்லாது. என் போட்டோவும் அதன்மேல் என் மூன்று விரல் மை ரேகையும் இருக்கிற அந்தத் தாளேதான் வேண்டுமாம்.

பீரோ சாவி உன்னிடம்தானே இருக்கிறது அக்கா? கேட்கவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். எடுத்து அனுப்புவாயா?

அம்மா தெம்பே வறுவல் கொடுத்தனுப்பியிருக்கிறாள். நொறுங்கியிருந்தால் தபால்காரரைத் திட்டு.

உன் தங்கை,
வினார்சி


சுரபாயா
26 பிப்ரவரி 2003

அன்பு வினார்,

அப்பாவை நினைத்து அழுதேன். வறுவல் தூளாகத்தான் வந்தது. கரண்டியால் அள்ளித் தின்றேன்.

என்னால் முடியாதுடி. சாவி என்னிடம் இருப்பதால்தான் முடியாது. ஒரு தாள் குறைந்தாலும் எடுத்தது நான்தான் என்று அடுத்த நிமிடமே தெரிந்துவிடும். மேடம் அதைத் திருட்டு என்பார், போலீசுக்கே போவார். எனக்கும் பாண்டு இருக்கிறது, இன்னும் இரண்டு வருஷம். என் சான்றிதழும் அதே இழுப்பறையில், உன்னுடையதற்கு அடியில் கிடக்கிறது. அது இல்லாமல் முப்பத்தொரு வயதில் யார் எனக்கு வேலை கொடுப்பார்கள்? எனக்குத் துணிச்சல் இல்லை. இருந்திருந்தால் உன்கூடவே பஸ் ஏறியிருப்பேன்.

ஒன்று செய். சான்றிதழ் தொலைந்துவிட்டது என்று போலீசில் எழுதிக் கொடு. அவர்கள் தரும் தாளைக் காட்டினால் கல்லூரியில் அசலுக்குப் பதிலாக ஒரு கடிதம் தருவார்கள். எல்லாரும் செய்வதுதான்.

ஆபீஸ் முகவரிக்கு மட்டும் எழுதிவிடாதே. தபால் முதலில் மேடம் மேசைக்குப் போகிறது. எப்போதும்போல அறை முகவரிக்கே அனுப்பு.

மூர்னி


புலே
20 மார்ச் 2003

அன்புள்ள மூர்னி அக்கா,

சலாம். நீ சொன்னபடி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கிருந்த போலீஸ்காரருடைய குழந்தைக்கு அதற்கு முந்தின வாரம்தான் தொப்புள்கொடி அறுத்திருந்தேன். நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, "எங்க தொலைச்சீங்க, சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றார். அது தொலையவில்லையே அக்கா. பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருக்கிறது என்று நீ எழுதியிருக்கிறாய். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

பிறகு இந்த மாதம் பத்தாம் தேதி சுரபாயா வந்தேன். உன்னைப் பார்க்காமல் திரும்பியதற்கு மன்னித்துவிடு. மருத்துவமனை வாசலுக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தேன். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர். "பாண்டை முறிச்சதுக்கு என்ன ஈடுங்கறது தனிப் பேச்சும்மா. அதுக்காக உங்க சான்றிதழை அடகு மாதிரி வச்சுக்க முடியாது. கேட்டு வாங்கலாம். குடுத்ததுக்கு ரசீதக் காட்டுங்க" என்றார். ரசீது இல்லை என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அவங்க இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா நான் என்னம்மா பண்றது?"

அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டார்கள். பதினேழாம் தேதியிட்ட கடிதத்தின் நகல் எனக்கும் வந்திருக்கிறது. 'மேற்படி நபர் எந்தச் சான்றிதழையும் எங்களிடம் ஒப்படைக்கவில்லை.' இந்த முறை ஒரு தப்புகூட இல்லை அக்கா. இடது மூலையைப் பார்த்தேன். 'எ.மூ.'

வெகுநேரம் அந்த இரண்டு எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வலித்தது. பொய் சொல்ல மாட்டேன், ரொம்ப வலித்தது. மேடம் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல நீ அடித்திருப்பாய், உன் விரல் என்ன பாடுபட்டிருக்கும் என்பதும் தெரிகிறது.

அப்புறம்தான் பெட்டியில் இருந்த உன் முதல் கடிதம் நினைவுக்கு வந்தது. இரும்பு பீரோ, மூன்றாவது இழுப்பறை, உன் கையெழுத்து. அதைக் காட்டினால் போதும், அதிகாரி மறுபடி பேனாவை எடுப்பார். அன்றைக்கே உன் வேலையும் போகும்.

இரண்டு நாள் அதைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தேன். வீட்டில் அது இருக்கிறவரை என் கை சும்மா இருக்காது. அதனால் இத்துடன் உனக்கே திருப்பி அனுப்புகிறேன். நகல் எடுக்கவில்லை. நீ என்னை நம்பி எழுதியதை உனக்கு எதிராக நீட்ட என்னால் ஆகாது. அப்பாவிடம் சொன்னேன். "ஆச்சு" என்றார்.

ஏப்ரல் 2, புதன்கிழமை, காலை பத்து மணிக்கு இரு தரப்பையும் கூப்பிட்டிருக்கிறார்கள். வெறுங்கையோடு போகிறேன். கேட்டுப் பார்த்தேன் என்றாவது இருக்கட்டும். நீ மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே, நேரத்துக்குச் சாப்பிடு.

என்றும் உன் தங்கை,
வினார்சி


சுரபாயா
27 மார்ச் 2003

ரசீது

கீழே கையெழுத்திட்டுள்ள எண்டாங் மூர்னியாத்தி ஆகிய நான், இந்தப் பிரசவ மருத்துவமனையின் பணியாளர் பிரிவில் எழுத்தராக இருக்கிறேன். 2001 டிசம்பர் 3 அன்று, சர்ஜோனோ மகள் வினார்சி என்பவரிடமிருந்து மருத்துவச்சிப் படிப்பின் அசல் சான்றிதழ் ஒன்றை, மருத்துவமனையின் சார்பில் என் கையால் பெற்றுக்கொண்டேன். அது இன்றைய தேதியிலும் பணியாளர் பிரிவு இரும்பு பீரோவின் மூன்றாவது இழுப்பறையில் இருக்கிறது.

அப்படி எதுவும் ஒப்படைக்கப்படவில்லை என்று 2003 மார்ச் 17 அன்று அனுப்பிய கடிதத்தை டைப் அடித்ததும் நானே. அதில் சொன்னது உண்மையல்ல.

யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், முழு நினைவுடன், பின்னால் மறுக்க முடியாதபடி ரெவின்யூ ஸ்டாம்பின்மேல் பாதியும் தாளின்மேல் பாதியுமாகக் கையெழுத்திடுகிறேன்.

எண்டாங் மூர்னியாத்தி

வினார், ரசீது கொடுக்கப் பதினாறு மாதம் ஆகிவிட்டது. நீ திருப்பி அனுப்பிய கடிதத்தையும் இதோடு வைத்திருக்கிறேன், அதையும் காட்டு. புதன்கிழமை பத்து மணிக்கு நானும் அங்கே இருப்பேன். யூனிஃபார்மை மடித்து மேடம் மேசையில் வைத்துவிட்டு வருகிறேன். அதிகாரி கேட்டால் வாங்க வேண்டியது இரண்டு சான்றிதழ் என்று சொல்.