ரேடியோ இல்லாத கார்

வெள்ளிக்கிழமை, இரவு

இன்று கண்டதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

முன்வீட்டுச் சரோ அன்ரியின் பழைய ஸ்போர்ட்ஸ் காரில் பற்றரி தினமும் இறங்கிவிடுகிறது. அது காணாமல்போன அவருடைய மகன் குமரன் அண்ணாவின் கார். அண்ணா இரவில் வந்து அதில் பாட்டுக் கேட்பதாக அன்ரி நம்புகிறார்.

அப்பா கார் திருத்துபவர். பற்றரியின் ஒரு வயரைக் கழற்றி, இடையில் சின்ன பல்ப் ஒன்றைப் பொருத்தினார். எல்லாம் நிறுத்தியிருந்தும் பல்ப் எரிந்தது. எங்கோ கரண்ட் ஒழுகுகிறது என்று பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ரேடியோ பியூஸைக் கழற்றியதும் பல்ப் அணைந்தது.

"நான் சொன்னனான்தானே தம்பி?" என்றார் அன்ரி.

"ரேடியோவே இல்லையக்கா, வெறும் ஓட்டைதான் கிடக்கு. பழைய வயர் ஈரத்தில தகரத்தோட முட்டுது. அதை வெட்டிவிட்டாச் சரி."

"உனக்கு எல்லாத்துக்கும் வயர்தான். வெட்டாத. பியூஸைத் திரும்பப் போடு."

அப்பா போட்டார். பல்ப் எரிந்தது. அன்ரியின் முகம் தெளிந்தது.

சார்ஜ் பண்ணுவதற்காகப் பற்றரியை அப்பா கொண்டுவந்துவிட்டார். அது இப்போது எங்கள் விறாந்தையில் இருக்கிறது. ஆனால் ஜன்னலால் பார்த்தால், காருக்குள் மெல்லிய வெளிச்சம் தெரிகிறது. அன்ரி டோர்ச்சுடன் உள்ளே இருக்கிறார் என்று நினைத்தேன். அன்ரி தன் வாசலில் வெறுங்கையுடன் நின்று காரையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அம்மா என் அறை லைற்றை அணைத்துவிட்டார். காருக்குள் வெளிச்சம் அப்படியே இருக்கிறது.