கைதட்டும் வரை

மார்ச் 4, செவ்வாய்

எட்டாவது வகுப்பு முடிந்தது. பதினொரு பேரும் வந்திருந்தார்கள். வேலை முடித்துக் களைத்து வருகிற பெரியவர்கள். ஒருவர் கொட்டாவி விட்டால் வரிசையாக எல்லோரும் விடுகிறார்கள். என் நடிப்பு வகுப்பில் யாருக்கும் பெயர் கிடையாது, தொழில்தான் பெயர். கேஷியர், பார்லரம்மா, பூட்டுக்காரர். இருபது வருடப் பழக்கம். கடைத்தெருவில் யாரையாவது பார்த்தால் சொந்தப் பெயர் தெரியாமல் திருதிருவென்று விழிப்பேன், அது வேறு கதை.

பூட்டுக்காரர் இன்றைக்கும் மரக்கட்டைதான். ஐம்பத்திரண்டு வயது, சொன்னதையெல்லாம் தட்டாமல் செய்கிறார், ஒன்றும் வரமாட்டேன் என்கிறது. காட்சியில் மகனைக் காணவில்லை என்று கேள்விப்படும் அப்பா அவர். யாருக்கோ வழி சொல்பவர் மாதிரி நின்றார். நல்ல மனுஷன். ஆடிக்கொண்டிருந்த என் அலமாரிப் பூட்டைப் போன வாரம் அவர்தான் சரிசெய்து கொடுத்தார். இப்போது ஜம்மென்று பூட்டுகிறது. போன், பை, பாக்கெட்டில் குலுங்குகிற சாமான், எல்லாம் வகுப்பு தொடங்கும் முன் அதற்குள் போகவேண்டும். சாவி என் கழுத்தில்.

அது முதல் விதி. இரண்டாவது, நான் கைதட்டும் வரை யாரும் காட்சியை விட்டு வெளியே வரக்கூடாது. சிரிப்பு வந்தாலும் சரி, வசனம் மறந்தாலும் சரி. இந்த இரண்டு விதிக்காகத்தான் என்னிடம் தேடி வருகிறார்கள் என்று எனக்கு ஒரு நினைப்பு.

மார்ச் 11, செவ்வாய்

பூட்டுக்காரரை ஆம்புலன்ஸில் ஏற்றினோம். நினைவோடுதான் இருந்தார். இப்போது எழுத முடியாது.

மார்ச் 12, புதன்

காலையில் பயிற்சி மையத்து மேலாளர் கூப்பிட்டு அறிக்கை கேட்டார். எழுதிக் கொடுத்தேன். ‘மாணவருக்கு மூச்சுத்திணறல் ஏற்பட்டது. அறிகுறி தெரிந்தவுடனே வகுப்பை நிறுத்தி, அவருடைய இன்ஹேலரை எடுத்துக் கொடுத்தேன். ஆம்புலன்ஸ் வரவழைக்கப்பட்டது. இப்போது நலமாக இருக்கிறார்.’

மேலாளர் படித்துவிட்டு, “நல்ல வேளை, நீங்க இருந்தீங்க” என்றார். நான் தலையாட்டினேன். ஆட்டினேனே!

நடந்ததை இங்கேயாவது எழுதுகிறேன். நேற்று நாடகப் பெட்டியைத் திறந்து ஒரு கம்பளிக் கோட்டை எடுத்தேன். மூன்று வருடமாகத் திறக்காத பெட்டி. கோட்டைப் போட்டாலாவது இவருக்கு அப்பா களை வராதா என்று ஒரு நப்பாசை. உதறினேன், தூசி கிளம்பியது, எல்லோரும் தும்மினோம், சிரித்தோம். பூட்டுக்காரர் ஒரு நொடி தயங்கினார். பிறகு வாங்கிப் போட்டுக்கொண்டு, கழுத்து வரை பொத்தானும் மாட்டினார்.

நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் மூச்சு வேகமாயிற்று. தோள் ஏறி இறங்கியது. கை நெஞ்சுக்குப் போயிற்று. எனக்குப் புல்லரித்துவிட்டது. அப்பாடா, வந்துட்டாருய்யா மனுஷன், என்று நினைத்தேன். “அப்படியே இருங்க. வெளிய வராதீங்க. ரொம்ப நல்லா இருக்கு” என்றேன்.

பார்லரம்மா எழுந்து ஏதோ சொல்ல வந்தார். உஷ் என்று உட்காரவைத்தேன்.

பூட்டுக்காரர் என்னையே பார்த்தார். என்னை இல்லை, என் கைகளை. நான் எப்போது தட்டுவேன் என்று காத்திருந்தார். எவ்வளவு நேரம்? ஒரு நிமிடம் இருக்குமா? அதற்கும் மேலேயா? உதட்டின் நிறம் மாறிய பிறகு பார்லரம்மா கத்தியதுதான் காதில் விழுந்தது. கழுத்திலிருந்து சாவியைக் கழற்றினால் கயிறு முடியில் மாட்டிக்கொண்டது. அவசரத்தில் சாவி துவாரத்துக்குள் போகவில்லை. பூட்டுக்காரரால் மட்டும் எழுந்து நிற்க முடிந்திருந்தால் ஒரு கம்பியை வைத்தே அதைத் திறந்திருப்பார். கேஷியர்தான் சாவியைப் பிடுங்கித் திறந்தார். பூட்டுக்காரர் பைக்குள் சாவிக்கொத்துகளுக்கு நடுவில் கிடந்தது, நீல நிற இன்ஹேலர்.

‘உடனே’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

மார்ச் 13, வியாழன்

அக்காவிடம் பாதியை மட்டும் சொன்னேன். ஆஸ்பத்திரி வார்டில் முப்பது வருடம் நர்ஸாக இருந்தவள். மிச்சப் பாதியை என் முகத்திலேயே படித்திருப்பாள். சேரும்போது கொடுத்த படிவத்தில் அவர் ஆஸ்துமா என்று எழுதியிருந்தாரா என்று கேட்டாள்.

“பாக்கணும்” என்றேன்.

“எட்டு வாரம் ஆச்சேடி” என்றாள். நாலு திட்டுத் திட்டியிருந்தால் தேவலை.

கோப்பை எடுத்துப் பார்த்தேன். பதினொரு படிவம். ஒன்றைக்கூட நான் படித்ததில்லை; பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதே என்று காட்சிகளுக்குப் படம் வரைந்து வைத்திருக்கிறேன். பூட்டுக்காரருடையதில் அச்சடித்த மாதிரி கையெழுத்து. ‘ஆஸ்துமா உண்டு. தூசி, பழைய துணி ஒத்துக்கொள்ளாது. இன்ஹேலர் எப்போதும் கையோடு இருக்க வேண்டும், தயவுசெய்து.’ படிவத்தில் போய் யாராவது தயவுசெய்து என்று எழுதுவார்களா? திருப்பினால் என் படம். நாற்காலி, விளக்கு, ஓர் அம்புக்குறி. பக்கத்தில் என் கிறுக்கல்: ‘அப்பா — பழைய கோட்டு?’

மற்றதையும் படித்தேன். கேஷியருக்கு ரப்பர் ஒவ்வாமை, பட்டால் உடம்பெல்லாம் தடித்துவிடுமாம். மூச்சுப் பயிற்சிக்கென்று முதல் வாரம் எல்லோருக்கும் பலூன் கொடுத்தவள் நான். அவர் அதைக் கைக்குட்டையில் பிடித்துக்கொண்டு, எனக்கு ஊத வராதுங்க என்றார். ‘முயற்சி போதாது’ என்று வருகைப் பதிவில் குறித்துவைத்திருக்கிறேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

மார்ச் 15, சனி

பூட்டுக்காரரே போன் செய்தார். ஆஸ்பத்திரியிலிருந்து நேற்று வந்துவிட்டாராம். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் மன்னிப்புக் கேட்டார். வகுப்பைக் கெடுத்துவிட்டாராம். எல்லோரும் பயந்துபோயிருப்பார்களாம்.

அதோடு வைத்திருக்கலாம். வைக்கவில்லை. கொஞ்சம் தயங்கிவிட்டு, “டீச்சர், நீங்க நல்லா இருக்குன்னு சொன்னது காதுல விழுந்துச்சு. நிஜமாவே நல்லா இருந்துச்சா?” என்று கேட்டார்.

எட்டு வாரத்தில் நான் அவரைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாராம். நான் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எதையோ உளறிவிட்டு வைத்துவிட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

இந்த நோட்டிலும் பொய் சொல்லியிருக்கிறேன். எழுதியதெல்லாம் உண்மை, ஒன்றை விட்டுவிட்டேன். யாரும் படிக்காத நோட்டில் யாரிடமிருந்து மறைக்கிறேன்? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுப்பா இது? எரிகிறது.

முதல் வகுப்பு. பாக்கெட்டைக் காலி செய்யச் சொன்னேன். பூட்டுக்காரர் எடுக்க எடுக்கச் சாவியாக வந்தது. நடமாடும் பூட்டுக்கடைங்க நீங்க என்று கிண்டல் செய்தேன். கடைசியில் இன்ஹேலரை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். “இது மட்டும் இருக்கட்டுமா, டீச்சர்?”

நான் சொன்னது, ஒரு சொல் விடாமல்: “மேடையில ஊன்றுகோல் எதுக்குங்க? நம்பி உள்ள போடுங்க, நான் இருக்கேன்ல.”

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே உள்ளே போட்டார்.

ஆக, எனக்குத் தெரியாது என்பதே பொய். படிவத்தைப் படிக்காததுகூடப் போகட்டும். கண்ணால் பார்த்தேன், காதால் கேட்டேன், கூட்டத்தைச் சிரிக்கவைக்க ஒரு வாய்ப்புக் கிடைத்தது, விடவில்லை.

மாலையில் அக்காவிடம் முழுசாகச் சொன்னேன். “செத்திருப்பாருடி” என்றாள். பிறகு எனக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். குடித்தேன்.

மார்ச் 17, திங்கள்

புது அறிக்கையையும் அந்தப் படிவத்தையும் எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனேன். படித்தார். கதவைச் சாத்தினார். புகார் ஒன்றும் வரவில்லை, பழைய அறிக்கையே மேலே போய்விட்டது, நீங்களாகவே எதற்குத் தலையைக் கொடுக்கிறீர்கள் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். படிவத்தை என் பக்கம் நகர்த்தினார்.

ஒரு நொடி மனசு சரி என்றது. அதையும் எழுதிவைக்கிறேன். கைகூட நீண்டது.

கை நீண்டபோதுதான் பூட்டுக்காரர் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. படிவத்தை மேலாளர் மேஜையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

மார்ச் 19, புதன்

பூட்டுக்காரர் கடைக்குப் போனேன். இரண்டு ஆள் நிற்கிற இடம், சுவரெல்லாம் சாவி. சாவி வெட்டும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, முகத்தில் மாஸ்க் மாட்டியிருந்தார். என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினார். உட்காரச் சொல்லி, இருந்த ஒரே முக்காலியைத் துடைத்துப் போட்டார்.

உட்காராமலே சொன்னேன். இன்ஹேலரைப் பற்றி, படிவத்தைப் பற்றி, அறிக்கையைப் பற்றி. கடைசியாக, “நீங்க மூச்சு விட முடியாம தவிச்சதை நடிப்புன்னு நினைச்சுட்டேன். அதைத்தான் நல்லா இருக்குன்னு சொன்னேன்” என்றேன்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கையில் இருந்த சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன் டீச்சர். தெரிஞ்சுதான், இன்னும் கொஞ்சம் தாங்குன்னு சொல்றீங்கன்னு நினைச்சேன்.”

கடைக்குப் பின்னாலிருந்த வீட்டிலிருந்து அவர் மனைவி வந்தார், எல்லாம் கேட்டிருக்கிறார். இனிமேல் இவர் வரமாட்டார் என்றார். கோபமாகக்கூட இல்லை. பூட்டுக்காரர் மறுத்துப் பேசவில்லை.

தெருவில் நடக்கும்போது யாரோ தெரிந்தவர்கள் வணக்கம் சொன்னார்கள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

மார்ச் 21, வெள்ளி

உத்தரவு வந்துவிட்டது. ஏப்ரல் பதினைந்து வரை வகுப்பு எடுக்கக்கூடாது. அதற்குள் ஆஸ்பத்திரியின் மூச்சுநோய்ப் பிரிவில் நர்ஸிடம் இரண்டு நாள் பயிற்சி. திரும்பி வந்தாலும் தனியாக எடுக்கக்கூடாது, உதவிக்கு ஒருவர் வேண்டும். நியாயம்தான். இன்னும் கூடக் கொடுத்திருக்கலாம்.

ஏப்ரல் 3, வியாழன்

பயிற்சி. என் மகள் வயதுகூட இருக்காது அந்த நர்ஸுக்கு. வீசிங் என்றாலே விசில் சத்தம் கேட்கும் என்று நினைத்திருந்தேன். ரொம்ப முற்றிவிட்டால் சத்தமே இருக்காதாம். நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டும், படுக்கவைக்கக் கூடாது. இன்ஹேலரை ஒவ்வொரு தடவை அழுத்தியதும் கொஞ்சம் இடைவெளி விட வேண்டும். குறித்துக்கொண்டேன். “நீங்க நடிப்பு டீச்சராமே, மூச்சுன்னா உங்களுக்கு அத்துப்படியா இருக்குமே?” என்றாள். வெள்ளந்தியாகத்தான் கேட்டாள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

திரும்பவும் வகுப்பு. உதவிக்குப் பார்லரம்மாவைக் கேட்டிருந்தேன். “உஷ்னு சொல்லமாட்டீங்கன்னா வர்றேன்” என்று சொல்லிவிட்டுத்தான் வந்தார்.

மதியமே போய் ஜன்னலைத் திறந்து, தரையை ஈரத்துணியால் துடைத்தாயிற்று. நாடகத் துணியெல்லாம் சலவைக்குப் போயிருக்கிறது, அந்தக் கோட்டைத் தூக்கிப் போட்டாயிற்று. பலூன் கிடையாது. வாசனை ஸ்ப்ரே அடித்துக்கொண்டு வரவேண்டாம் என்று எல்லோருக்கும் சொல்லியாயிற்று. மருந்து அவரவர் பாக்கெட்டில். ஒவ்வொருவரிடமும் தனியாக உட்கார்ந்து, உங்களுக்கு எது ஆகாது, ஏதாவது ஆனால் நான் என்ன செய்யவேண்டும் என்று கேட்டேன். கேஷியர் தன் ரப்பர் கதையை இருபது நிமிடம் சொன்னார். எத்தனை வருடமாக யாரும் கேட்காத கதையோ.

பத்துப் பேர். எல்லோர் முன்னும் நின்று, நடந்ததைச் சொன்னேன், ஊன்றுகோல் உட்பட. இனிமேல் யார் வேண்டுமானாலும் கைதட்டலாம், தட்டினால் காட்சி நிற்கும் என்றேன்.

அப்போது கதவருகே சாவி குலுங்கும் சத்தம். பூட்டுக்காரர், கருவிப் பையோடு. “அலமாரிப் பூட்டைக் கழட்டணும்னு மேலாளர் சொன்னாரு. வேலையா வந்தேன்” என்றார், என்னைப் பார்க்காமல். ஐந்து நிமிட வேலை. பூட்டைக் கழற்றிப் பையில் போட்டார். போகவில்லை. வகுப்பு முடியும் வரை கதவோரமே நின்றுவிட்டுப் போனார்.

ஏப்ரல் 29, செவ்வாய்

வந்தார். உட்கார்ந்தார்.

மே 13, செவ்வாய்

இன்றைக்குப் பூட்டுக்காரர் முறை. அதே அப்பா, அதே நாற்காலி. வேறு காட்சி தருகிறேன் என்றேன், அதுதான் வேண்டும் என்றார். காலையிலிருந்து சளி என்று முன்பே பார்லரம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

பாதியில் நிறுத்தினார். எழுந்து நின்று, இரண்டு கையையும் தட்டினார். இருபது வருடத்தில் என் வகுப்பில் என்னைத் தவிர வேறு ஒருவர் தட்டிக் கேட்டது இன்றுதான். அவர் பதறாமல் ஜன்னலோர நாற்காலிக்குப் போய் நிமிர்ந்து உட்கார்ந்து, பாக்கெட்டிலிருந்து எடுத்து ஒரு தடவை இழுத்தார். காத்திருந்தார். இன்னொரு தடவை. நாங்களும் காத்திருந்தோம். யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, யாரும் மணி பார்க்கவில்லை. பார்லரம்மா பக்கத்தில் போய் நின்றார், அவ்வளவுதான்.

மூச்சு சீரானதும் எழுந்துவந்தார். எங்கே விட்டேன் என்று கேட்டார். கதவுப் பக்கம் திரும்புகிற இடம் என்று எடுத்துக்கொடுத்தேன். முடித்தார்.

பிறகு கேட்டார். அதே கேள்வி. “நல்லா இருந்துச்சா, டீச்சர்?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டால் எவ்வளவு லேசாக இருக்கும்.

“இல்லீங்க” என்றேன். “இன்னும் மரக்கட்டையாத்தான் நிக்கறீங்க.”

பார்லரம்மா என்னை முறைத்தார். பூட்டுக்காரர் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது.

“அப்போ என்னைக்காவது நல்லா இருக்குன்னு சொன்னீங்கன்னா, நம்பலாம்” என்றார்.

நாற்காலியை இழுத்து நடுவில் போட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தார்.