இருபத்தொரு நாள் மொரீசு

அணிலு,

எதிர் வீட்டு லூர்து அக்கா மாடி எடுக்கிறது. மேலே நாலு ரூம், எல்லாம் கம்பெனிப் பையன்களுக்கு வாடகைக்கு விடத்தான். ஒரு மாசத்துக்கு முன்னால் தளத்துக்குச் சென்ட்ரிங் அடிக்க வந்தவர்கள் பலகைக்குப் பழைய இஞ்சின் ஆயிலைப் பூசினார்கள். அரிசி களைந்துகொண்டிருந்தவள், அந்த வாடை வந்ததும் அப்படியே எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். நீ வந்துவிட்டாய், கால் கழுவத் தண்ணீர் எடுத்து வைக்க வேண்டும் என்று உடம்பு தானாக எழுந்துகொண்டது. நீ போய்ச் சேர்ந்தது புத்திக்குத் தெரிகிறது, உடம்புக்கு இன்னும் தெரியவில்லை. சென்ட்ரிங்காரன் பெண்டாட்டி, எத்தனை வருஷம் அந்த வாடைக்குப் பக்கத்தில் படுத்தவள்.

பலகையைத் தாங்க இப்போது எல்லாரும் இரும்பு முட்டுதான் வைக்கிறார்கள். லூர்து அக்கா மட்டும் சவுக்குக் கட்டையே போதும் என்று சொல்லிவிட்டது. நட்டுவைத்த அந்தக் கட்டைகளைப் பார்த்தபோது, அதில் நீ விறுவிறு என்று ஏறுவது கண்ணில் வந்தது. அதற்காகத்தானே உனக்கு அணிலு என்று பெயர் வைத்தேன். கூப்பிடுவது மாமா, கொஞ்சினால் அணிலு.

உன்னிடம் ஒன்று சொல்லத்தான் எழுதுகிறேன். மூன்றாங்கிளாஸோடு நின்றவள் எழுத்து, கோணல் மாணலாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்.

நம் ஸ்டெல்லா மொரீசுக்குக் கூப்பிடுகிறாள். மருமகன் அங்கே ஓட்டலில் சமையல் வேலைக்குச் சேர்ந்ததும், இவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனதும் நீ இருக்கும்போதே நடந்ததுதான். இப்போது என்னையும் வரச் சொல்கிறாள். பார்த்துவிட்டு வருவதற்கு இல்லை.

"வூட்ட வாடகைக்கு வுட்டுட்டு வந்துடும்மா. வந்தா இங்கயே இருக்கற மாதிரி வா. அங்க தனியா எதுக்குக் கெடக்குற? ரெண்டு மாசத்துக்குள்ள சொல்லு, பேப்பரெல்லாம் போடணும்."

மொரீசு என்றதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அந்த ஊருக்கு நீ ஒருமுறை போய் வந்தவன் ஆயிற்றே.

தொண்ணூற்றொன்றாம் வருஷம். மழைக்காலம் முடிகிற சமயம். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனிக் கட்டிடத்தில் உனக்கு வேலை. தாம்பரத்து ஏஜெண்ட் ஒருத்தர் அங்கே வந்து, மொரீஷியஸில் ஓட்டல் கட்டுகிறார்கள், சென்ட்ரிங் ஆள் வேண்டும், இரண்டு வருஷம், இங்கே வாங்குவதைப் போல மூன்று பங்கு கூலி என்று சொல்லியிருந்தார். ஊருக்கெல்லாம் தளம் போட்டவன் வீட்டுக்கு அப்போது ஓலைக் கூரை. எங்கே ஒழுகும் என்று பார்த்துப் பார்த்து ஸ்டெல்லாவை இடம் மாற்றிப் படுக்கவைப்போம். அவளுக்கு நாலு வயசு.

நம் தெருவில் வெளியூர் போகிற ஆம்பிளைகள் பெட்டியைக் கட்டிவிட்டுத்தான் பெண்டாட்டியிடம் சொல்வார்கள். நீ வந்து என் முன்னால் உட்கார்ந்து கேட்டாய்.

"போவட்டா, வேணாமா? நீ சொல்லு."

"நான் இன்னாத்த மாமா சொல்றது? நான் காஞ்சிபுரம் தாண்டினது இல்ல."

"நானுந்தான் தாண்டினதில்ல. அதான் கேக்கறேன்."

ஒரு வாரம் அதையே பேசினோம். நாலு பக்கமும் கடலாமே, புயல் வந்தால் எங்கே ஓடுவாய் என்று கேட்டேன். "ஏரி ஒடஞ்சப்போ நாம எங்க ஓடுனோம்? இங்கயேதான குந்திகினு இருந்தோம்" என்றாய். அந்த மே மாதம் குண்டு வெடித்ததற்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து விலாசம் என்றாலே போலீசு நாலு கேள்வி அதிகமாகக் கேட்கும், பாஸ்போர்ட்டுக்கு அலைய வேண்டும் என்று ஏஜெண்ட் சொன்னதாகச் சொன்னாய். அது உனக்குப் பெரிதாக இல்லை. முட்டுக்கு அங்கே என்ன மரம் என்று கேட்டாயாம். "அங்க எல்லாம் இரும்புப்பா" என்றாராம் அவர். "சவுக்கு இல்லாத ஊருல நான் எதுல ஏர்றது?" என்று அன்று சோறு தின்னும்போது கவலைப்பட்டாய்.

ஏழாம் நாள் நீயே ஒரு வழி சொன்னாய்.

"கான்கிரீட் போட்ட அன்னிக்கே தளம் நிக்கும்னு எவன் சொன்னாலும் நம்பக்கூடாது. இருவத்தோரு நாள் கழிச்சி முட்டெல்லாம் பிரிச்சாத்தான் தெரியும். நாமளும் பிரிச்சிப் பாக்கலாம். நான் சைட்டுலயே தங்கிக்கறேன். நான் இல்லாம நீ இருந்து பாரு. நீ இல்லாம நான் இருந்து பாக்கறேன். அப்பறமா ஏஜெண்டுக்குச் சொல்லலாம்."

எது நடந்தாலும் வரக் கூடாது, ஆள் விட்டுச் சொல்லக் கூடாது. கடிதம் மட்டும் உண்டு. வெளிநாட்டுக் கடிதம் வர நாளாகும் என்பதால், எழுதி ஐந்து நாள் பெட்டியில் வைத்திருந்துதான் தபாலில் போட வேண்டும். இவ்வளவும் நீ போட்ட சட்டம்.

நீ கிளம்பிய அன்று நான் அழுதேன். லூர்து அக்கா கைதட்டிச் சிரித்தது. "ஒரகடம் தாண்டி போறவனுக்கு இன்னாடி இப்படி அழுவுற? தோ பாரு, உன் புருசனுக்கு ஏரோப்ளேன் வந்துட்டுது" என்று மண்ணைக் கிளப்பிக்கொண்டு வந்த பஸ்ஸைக் காட்டியது.

முதல் கடிதம் வந்தபோது எனக்குக் கூட்டிப் படிக்க வரவில்லை. தபால்காரரையே படிக்கச் சொன்னேன். அவரும் தெருவே கேட்கப் படித்தார். "மீன் குழம்பு நினைப்பு வந்தால் சோற்றில் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறேன். உன் நினைப்பு வந்தால் என்ன ஊற்றிக்கொள்வது என்று தெரியவில்லை." நம் பிள்ளைப்பாக்கத்தில் ஒரு வாரத்துக்கு வேறு பேச்சு இல்லை. குழாயடியில் யார் குடத்தை வைத்தாலும் "இன்னா ஊத்திக்கறது?" என்றுதான் கேட்டார்கள். அந்த வெட்கத்தில்தான் லூர்து அக்கா மகனுடைய ஒன்றாங்கிளாஸ் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டாவது கடிதத்தை நானே படித்தேன். அரை நாள் ஆனது. இன்று உனக்கு எழுதுகிற எழுத்து அந்த இருபத்தொரு நாளில் வந்த எழுத்து.

பத்தாம் நாள் ஸ்டெல்லாவுக்குக் காய்ச்சல். மறுநாள் விடியும்போது ஜன்னி கண்டுவிட்டது. லூர்து அக்கா ஓடி வந்து, "எங்க வூட்டுக்காரர சைக்கிள்ல அனுப்பறேன், மத்தியானத்துக்குள்ள உன் ஆள இட்டாந்துடுவாரு" என்றது.

"வேணாங்கா. அவரு மொரீசுல கீறாரு."

"அடிப்பாவி! புள்ள கண்ணு மேல சொருவிகினு கீது, உனக்கு வெளையாட்டா கீதா?"

"மெய்யாலுமே அங்க இருந்தா யார அனுப்புவ?"

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். திட்டிக்கொண்டே லூர்து அக்காவும் வீட்டைப் பூட்டிவிட்டுக் கூடவே வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் பார்த்துவிட்டுக் காஞ்சிபுரம் போகச் சொன்னார்கள். அங்கே நாலு நாள். கர்த்தர் கைவிடவில்லை. ஊரில் அதைத் தைரியம் என்றார்கள். இப்போது நினைத்தால் தெரிகிறது. அது தைரியம் இல்லை, வீம்பு. பரீட்சையில் தோற்கக் கூடாது என்று பிள்ளையைப் பணயம் வைத்திருக்கிறேன். நீ ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

இருபத்தொன்றாம் நாள், நிஜமாகவே வெளிநாட்டிலிருந்து வருகிறவன் மாதிரி, சிங்கப்பெருமாள் கோவில் கடையில் வாங்கிய வாசனை சோப்போடும் பவுடர் டப்பாவோடும் வந்தாய். "ஃபாரின் சாமான், பத்திரமா வெச்சிக்க" என்று கொடுத்தாய். பிறகு ஸ்டெல்லாவைத் தூக்கினாய். அவள் கையில் ஊசி போட்ட இடம் கன்றியிருந்தது. உன் சிரிப்பு போய்விட்டது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு, கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்:

"தளம் நின்னுச்சி மாமா. நீ போயிட்டு வா."

நீ பிள்ளையின் கையைத் தடவிக்கொண்டே இருந்தாய். "உன் பக்கம் நின்னுச்சி. என் பக்கம் பதினோராம் நாளே எறங்கிட்டுது" என்றாய்.

அன்று காலையில் காரணமே இல்லாமல் மனசு கெட்டுப்போனதாம். பலகையை அப்படியே போட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டாயாம். ஏரிக்கரையில் நின்று வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் வந்தாயாம். கால் கேட்கவில்லை. வீட்டுக்கே வந்தால் கதவு பூட்டியிருந்தது, எதிர் வீடும் பூட்டியிருந்தது. நான் அம்மா வீட்டுக்குப் போயிருப்பேன் என்று நினைத்துக்கொண்டாயாம். "யாரையாவது கேக்கறதுதான மாமா?" என்றேன். "சட்டத்த மீறுனவன் எந்த மூஞ்சிய வெச்சினு கேக்கறது?" என்றாய்.

நான் சட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்த அதே நாளில், நீ அதை உடைத்துவிட்டு என் வாசலில் உட்கார்ந்திருக்கிறாய்.

"எவ்ளோ நேரம் குந்திகினு இருந்த?"

"பஸ்ஸு வர வரைக்கும்."

"எந்த பஸ்ஸு?"

அதற்குச் சிரித்துவிட்டாய். பிறகு எத்தனை முறை கேட்டாலும் அதே சிரிப்புதான்.

ஏஜெண்டிடம் வரவில்லை என்று சொன்னாய். அது எனக்குப் பெரிதில்லை. டீக்கடையில் நீ சொன்னதாக லூர்து அக்கா வீட்டுக்காரர் வந்து சொன்னாரே, அதைத்தான் இத்தனை வருஷமாக நான் மடியில் கட்டி வைத்திருக்கிறேன். "இன்னாப்பா, பொண்டாட்டி வுடலயா?" என்று கிண்டல் செய்தார்களாம். போகாத ஆம்பிளைகள் எல்லாரும் அப்படித்தானே சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். நீயோ டீயைக் கீழே வைத்துவிட்டு, "அவ வுட்டா. பரிச்சயில அவ பாஸு, நான்தான் ஃபெயிலு" என்றாயாம். அத்தனை பேர் நடுவில், மீசை வைத்த ஒருத்தன், பெண்டாட்டி இல்லாமல் இருக்க முடியவில்லை என்று சொன்னான். நம் ஊரில் அதற்கு முன்னாலும் நான் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை.

உனக்குப் பதிலாகப் போனவர் திரும்பி வந்து வீடு கட்டினார். அந்த வீட்டுக்குத் தளம் போட்டதும் நீதான். எனக்கு வயிறு எரிந்தது. நீ அந்தத் தளத்தை அடியில் தட்டிப் பார்த்து, "நல்லா வந்திருக்குது" என்று சந்தோஷப்பட்டாய். நமக்குத் தளம் போட ஏழு வருஷம் ஆனது. முட்டு பிரிக்கிற அன்று எல்லாவற்றையும் நீ எடுத்துவிட்டு, கடைசிக் கட்டையை என்னிடம் விட்டாய். சுத்தியலைக் கொடுத்து, "பயப்படாத, அடி. நிக்கும்" என்றாய். நின்றது. அதன் அடியில்தான் இப்போது இதை எழுதுகிறேன். இதே தளத்தின் அடியில்தான் போன தவக்காலத்தில், மார் வலிக்கிறது என்று படுத்தவன் எழுந்திருக்கவில்லை.

ஸ்டெல்லா கேட்டபோது எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. கடலுக்கு நான் பயப்படவில்லை. உன் கல்லறை இங்கே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராக உன்னிடம் வந்து மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, அந்த வாரத்துக் கதையை எல்லாம் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். அங்கே போனால் யாரிடம் சொல்வது? அப்போதுதான் எதிர் வீட்டில் ஆயில் வாடை வந்தது. சரி, நீ காட்டிய வழிதான் என்று, அவர்கள் கான்கிரீட் போட்ட அன்றிலிருந்து நானும் ஆரம்பித்தேன். இருபத்தொரு நாள் உன்னைப் பார்க்க வருவதில்லை.

முதல் ஞாயிறு கோயில் வாசலில் கால் உன் பக்கம்தான் திரும்பியது. கொடிமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டாம் ஞாயிறு தலைவலி என்று பூசைக்கே போகவில்லை. மூன்றாம் ஞாயிறு போனேன். பூசை முடிந்து நேராக வீட்டுக்கு வந்து, குழம்பு வைத்துச் சாப்பிட்ட பிறகுதான் உன்னிடம் வராதது நினைவுக்கு வந்தது. அன்று பயந்துபோனேன். உனக்குத் துரோகம் செய்துவிட்டது மாதிரி இருந்தது.

இன்று காலையில் லூர்து அக்கா வீட்டில் முட்டு பிரித்தார்கள். ஒவ்வொரு கட்டையாக விழுகிற சத்தம் என் அடுப்பங்கரை வரைக்கும் கேட்டது. போய்ப் பார்த்தேன். தளம் நின்றது. கட்டைகளை ஓரமாக அடுக்கி வைத்திருந்தார்கள். முட்டு பிரிக்கிற அன்று உன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தூக்கிப் பிடித்தது போதும், இனிமேல் அது பார்த்துக்கொள்ளும் என்கிற மாதிரி ஒரு சிரிப்பு. அந்த முகம் நினைவுக்கு வந்த பிறகு எனக்குப் பயம் விட்டது.

லூர்து அக்கா பக்கத்தில் வந்து நின்றது. "இன்னாடி, மூணு வாரமா கல்லற பக்கமே உன்னக் காணோம்? புருசன மறந்துட்டியா?"

"மொரீசு போயிருந்தேங்கா."

அடுக்கிய கட்டைகளைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. பிறகு புரிந்துகொண்டு சிரித்தது. சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தது. "அவன் ஃபெயிலாப் போனத நீ பாஸு பண்ணிட்டியா? போடி, போ. சாவிய எங்கிட்டக் குடுத்துட்டுப் போ."

மத்தியானம் ஸ்டெல்லாவிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவள் சந்தோஷத்தில் போனில் ஒரு படம் அனுப்பினாள். அவர்கள் வீட்டுப் பக்கத்துக் கடற்கரையாம். கரை முழுக்க என்ன மரம் தெரியுமா மாமா? சவுக்கு. வரிசை வரிசையாக, நம் ஊர்த் தோப்பு மாதிரி. ஏஜெண்ட் உன்னிடம் பொய் சொல்லியிருக்கிறார், இல்லையென்றால் அவருக்கே தெரியவில்லை. நீ ஏறுவதற்கு அங்கே எத்தனையோ இருந்திருக்கிறது.

உன் இரண்டு கடிதத்தையும் எடுத்துக்கொண்டு போகிறேன். சோற்றில் தண்ணீர் ஊற்றிய கடிதம் மடிப்பில் கிழிந்துவிட்டது, ஒட்டி வைத்திருக்கிறேன். நாளைக்குப் பூசை முடிந்ததும் உன்னிடம் வந்து இதைப் படித்துக் காட்டுவேன். இப்போதெல்லாம் எழுத்துக் கூட்டாமலே படிப்பேன். பிறகு ஒரு நாள் இந்தக் கதவைப் பூட்ட வேண்டியிருக்கும். ஒன்றுதான் மனசை அறுக்கிறது. முன்னே ஒருமுறை நான் பூட்டிவிட்டுப் போனபோது நீ வந்துவிட்டாய். இதே வாசலில், யாரையும் கேட்காமல் உட்கார்ந்துவிட்டுப் போனாய்.

இனிமேலாவது சிரித்து மழுப்பாமல் சொல்லு, அணிலு. அன்றைக்குப் பூட்டிய கதவுக்கு முன்னால் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாய்?