மேல்தட்டுக் கிதாபுகள்

இஞ்ச பாருங்க, அஸர் தொழுதுவிட்டு இன்று உங்கள் அலுமாரியைத் திறந்தேன். பூச்சியுருண்டையும் பழைய தாளும் கலந்த வாசம் முகத்தில் அடித்தது. நீங்கள் உறுதி எழுதும் நொத்தாரிசுக் கந்தோரிலிருந்து வந்து சட்டையைக் கழற்றும்போது வருமே, அதே வாசம்.

நாளைக் காலை ஒலுவில் கம்பஸ் லைப்ரரி வேன் வருகிறது. சட்டம், தத்துவம், சரித்திரம் என்று நீங்கள் சேர்த்த அத்தனை புத்தகமும் போகப்போகிறது. அது நீங்கள் எழுதிவைத்த வஸிய்யத். நான் மறிக்க முடியாது. நீங்கள் மௌத்தான பிறகு வெளியே இறங்காமல் இத்தா இருந்த நாலு மாதம் பத்து நாளும் இந்த அலுமாரிக்கு எதிரே இருந்துதான் ஓதினேன். இனி எதைப் பார்த்துக்கொண்டு ஓதுவது?

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். என்றாலும் நான் மீன் வெட்டும்போது குசினி வாசலில் கதிரை போட்டு எனக்கு வாசித்துக் காட்டுவீர்கள். ஒருநாள் அரபுக் கிதாபு ஒன்றைத் தமிழாக்கிச் சொன்னீர்கள். அதில், பயணம் போன புருஷன் திரும்பவில்லை. பெண்சாதி எத்தனை வருஷம் காத்திருக்க வேண்டும் என்று இமாம்கள் ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள்.

"அவளுக்கிட்ட ஆராவது கேட்டாங்களா?" என்றேன்.

பக்கத்தைப் புரட்டிப் பார்த்தீர்கள். "இல்ல புள்ள. கேட்டதா எழுதல்ல."

"அப்ப என்ன பெரிய கிதாபு?"

"உங்களக் காதி நீதவானா வெச்சா ஊர்ல ஒரு ஆம்புள தப்ப மாட்டான்" என்று சிரித்துவிட்டு, அதை வைக்க முக்காலியில் ஏறினீர்கள். அரபெழுத்து கீழே இருக்கக் கூடாது என்று அந்தக் கிதாபுகளையெல்லாம் துணி சுற்றி மேல்தட்டில் அடுக்கியவள் நான்தானே. முழங்கால் வருத்தத்தோடு எத்தனை தரம் ஏறினீர்கள்!

"ஏற ஏலாதா?" என்று கேட்டால், "மேல நல்ல காத்து புள்ள" என்பீர்கள்.

போன கிழமை புத்தகங்களைப் பதிய வந்த கம்பஸ் பிள்ளை, துணியை அவிழ்த்துப் பார்த்துச் சிரித்தாள்.

"மாமி, இதுல பாதி மார்க்கக் கிதாபே இல்ல. இது கிரேக்கத் தத்துவம். இது கப்பல் யாவாரிமார்ர சட்டம். அரபியில இரிக்கி, அவ்வளவுதான்."

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. பிறகு அவள் சொன்னதுதான் நெஞ்சில் குத்தியது.

"ஆனா மாமி, இந்த மேல்தட்டுக் கிதாபுகள்தான் ஆகலும் தேஞ்சிரிக்கி. நொத்தாரிசு சேர் இதைத்தான் கூட வாசிச்சிருக்கார்."

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! எல்லாவற்றையும் அன்றே இறக்கியிருப்பேனே. என் மனம் நோகும் என்றா இத்தனை வருஷம் ஏறினீர்கள்?

முக்காலியை மட்டும் நான் கொடுக்க மாட்டேன். அதில் ஏறி, அந்தக் கிதாபுகளை ஒவ்வொன்றாக இறக்கினேன். உங்கள் கதிரைக்குப் பக்கத்துத் தட்டில் வைத்திருக்கிறேன். காலையில் வேன் வரும்வரைக்கும் அங்கேதான் இருக்கும். கதிரையில் இருந்தபடியே கையை நீட்டினால் போதும்.